சாம்பல் சமையல்காரர்

உயிரே இல்லாத ஒரு சமையல்காரரால் என் வீட்டில் மாதக்கணக்கில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழி அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய கடை. நல்ல மனிதர். குடிக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார். சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா, மூக்கில் குத்துகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்பார். புதுக் கண்ணாடி வாங்கிப் போனவர்கள் மறுநாளே வந்து, “தரை பள்ளமாத் தெரியுது, வெளிச்சம் கூசுது, எனக்குப் பழசையே குடுத்துடுங்க” என்று சண்டைக்கு நிற்பார்கள். இவர் கோபமே படாமல், “ரெண்டு நாள் போட்டுப் பாருங்க, கண்ணு பழகிடும்” என்பார். கடையில் கண்ணாடியைவிட அந்த வாக்கியம்தான் அதிகம் போகிறது என்று நான் கிண்டல் செய்வேன்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு கோளாறு. பேய் பங்களா.

ஊருக்கு வெளியே ஒரு பழைய பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, முட்டி மோதிக்கொள்ளும் கார்கள் எல்லாம் தாண்டிக் கோடியில் போனால் பேய் பங்களா. தண்டவாளத்தில் ஓடும் சின்ன வண்டியில் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். வண்டி கதவை இடித்துத் திறந்துகொண்டு இருட்டுக்குள் போகும். தலைக்கு மேலே வௌவால்கள் படபடக்கும். ஒரு கல்லறை மூடி திறக்கும். எலும்புக்கூடு ஒன்று பியானோ வாசிக்கும். கடைசியில் சமையலறை. பெரிய பானைக்கு முன்னால் ஒரு சமையல்காரர் நின்று கரண்டியால் கிண்டிக்கொண்டிருப்பார், பானைக்குள்ளிருந்து ஒரு கை எழுந்து டாட்டா காட்டும். அவ்வளவுதான். அடுத்த கதவை இடித்துக்கொண்டு வண்டி வெயிலுக்கு வந்துவிடும்.

அந்தச் சமையல்காரர் தலைமுதல் கால்வரை சாம்பல் நிறம். தொப்பி, முகம், மீசை, மேலங்கி எல்லாம் ஒரே சாம்பல். அதனால் அவருக்குச் ‘சாம்பல் சமையல்காரர்’ என்று பெயர் வந்தது. அடுப்பு வெடித்துச் செத்தவர் என்றும், அந்தச் சாம்பலோடுதான் ஆவியாக அலைகிறார் என்றும் ரசிகர்கள் கதை கட்டினார்கள். அவர் படத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஆமாம், ரசிகர்கள்தான். நடிகருக்கு இருக்கலாம், பாடகருக்கு இருக்கலாம், பானை கிண்டுகிற பொம்மைக்கு இருக்கக் கூடாதா? போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள், ‘பங்களாவாசிகள்’ என்று பெயர். அதில் என் வீட்டுக்காரருக்கு ‘முதல் பயணி’ என்று பட்டம். பூங்கா திறந்த வருடமே, அரைக்கால் சட்டை போட்ட வயதில், உள்ளே போய் வந்தவர் குழுவில் இவர் ஒருவர்தான். அந்த ஒரு தகுதியிலேயே தலைவராகிவிட்டார். வீட்டில் எரியாத பல்பை மாற்றச் சொன்னால் மாதம் போகும். குழுவில் யாராவது சந்தேகம் கேட்டால் சாப்பிடுகிற கையைக்கூடக் கழுவாமல் பதில் போகும்.

கல்யாணமான புதிதில் என்னை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போன இடமும் அதுதான். எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. எங்கள் ஒரே மகள் மாட்டிக்கொண்டாள். விவரம் தெரியாத வயதில் தூக்கிக்கொண்டு போனார். எலும்புக்கூட்டைப் பார்த்து வீல் வீலென்று கத்தியவள், சமையல்காரரைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு அந்தக் கைக்குத் திருப்பி டாட்டா காட்டினாளாம். அன்றிலிருந்து விடுமுறை என்றால் அப்பாவும் மகளும் அங்கேதான் கிடப்பார்கள். பழைய ஓவியங்களையும் சிலைகளையும் சுத்தம் செய்து பழுது பார்க்கும் படிப்பைத்தான் படிப்பேன் என்று அவள் பின்னால் ஒற்றைக் காலில் நின்றதற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம் இதுதான். படித்து முடித்து, கண்காட்சிகளுக்கும் கேளிக்கை இடங்களுக்கும் பொம்மையும் அரங்கமும் செய்து தரும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். எந்த இடத்துக்கு என்ன செய்கிறாள் என்று வீட்டில் சொல்ல மாட்டாள். ஆபீஸ் விஷயம் என்று நாங்களும் கேட்க மாட்டோம்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பூங்காவைப் புது முதலாளிகள் வாங்கிவிட்டார்கள், பேய் பங்களாவைப் புதுப்பிக்கப் போகிறார்கள். அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசை சட்டசபை ஆனது.

இவர் போனை எதிரே நிறுத்திவைத்துக்கொண்டு ஒவ்வொருவர் கருத்தாக உரக்கப் படிப்பார். வௌவால் என்ற பெயரில் எழுதும் ஒரு வங்கி ஊழியர், ஓர் ஆணியைக்கூட யாரும் தொடக் கூடாது என்றார். கணக்கு வாத்தியார் ஒருவர், தொடலாம், ஆனால் திறந்த வருடத்தில் எப்படி இருந்ததோ அப்படி மாற்ற வேண்டும் என்றார். திறந்த வருடத்தில் வௌவால்களே கிடையாது, அவை அப்புறம் வந்தவை என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். வௌவால்களை எடுத்தால் தண்டவாளத்தில் குறுக்கே படுப்பேன் என்று வங்கி ஊழியர் சபதம் போட்டார். இருக்கையையாவது மாற்றுங்கள், முதுகு போகிறது என்று ஒரு கல்லூரிப் பெண் பாவம் ஒரு வரி எழுதினாள். அந்த முதுகுவலிதான் அனுபவமே என்று பத்துப் பேர் அவள்மேல் பாய்ந்தார்கள். உள்ளே பயமே இல்லை, எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் பெரிய திரை வைக்கலாம் என்று எழுதிய ஒருவனைக் குழுவைவிட்டே தூக்கினார்கள். அப்புறம் எல்லாரும் பழையபடி தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள்.

“என்ன வேணா பண்ணட்டும். சமையல்காரர் மேல கை வெச்சா நடக்கிறதே வேற,” என்றார் இவர்.

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “யாருப்பா செய்யப் போறாங்களாம்?”

“யாரோ ஒரு கம்பெனி. பேரு சொல்ல மாட்டேங்கிறாங்க. அவனுங்களுக்கு என்ன தெரியும்? காசு குடுத்தா எதையும் இடிப்பானுங்க.”

அவள் தண்ணீர் குடித்தாள். நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களின் எச்சிலைக் குழாயால் உறிஞ்சி எடுப்பதும் கன்னத்துக்குள் பஞ்சு வைப்பதும் என் வேலை. வீட்டிலும் ஒரு பொட்டலம் பஞ்சு வைத்திருப்பேன். அது குறைய ஆரம்பித்தது. அப்புறம் துவைக்கப் போட்ட மகளின் சட்டையில் கைமுனையெல்லாம் கறுப்பு. அவள் கையைப் பிடித்துப் பார்த்தால் நகக்கண்ணில் சாம்பல்.

“என்னடி இது? அடுப்புக்குள்ள தலைய விட்டியா?” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து என் காதருகே சொன்னாள். “அம்மா, சத்தியமா யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது. வெளியில சொல்ல மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன், தெரிஞ்சா வேலை போயிடும். நான் இப்ப பேய் பங்களாலதான் இருக்கேன்.”

அவள் நிறுத்தவில்லை. சமையல்காரரைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் திரை வைப்பதாகத்தான் திட்டமாம். இவள் மேனேஜரிடம் மல்லுக்கட்டி அவரைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அப்புறம்தான் தெரிந்ததாம், அந்தச் சாம்பல் அவர் நிறமே இல்லை.

“தூசும்மா. புகை விடுற மெஷின்லருந்து வர்ற எண்ணெய்ப் பிசுக்கு, அதுல ஒட்டின தூசு, அது மேல திரும்ப எண்ணெய். வருஷக்கணக்கா அப்பிப் போயிருக்கு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அக்குள்ல பார்த்தேன். காலருக்கு உள்ள, விரலிடுக்குல எல்லாம் பார்ப்போம். தூசும் வெளிச்சமும் போகாத இடத்துலதான் நிஜமான நிறம் இருக்கும்.”

“எதால துடைக்கிற?”

“எச்சில்.”

“என்னது?”

“பஞ்சுல எச்சில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமா. அந்தப் பெயிண்டுக்கு அதுதான் கேடு பண்ணாது. சோப்பு, மருந்து எதுவும் தாங்காது.”

எத்தனை வருடம் படிக்கவைத்தோம், பேய்க்கு எச்சில் தொட்டுத் துடைக்கவா என்று கேட்டேன். “நீ மட்டும் என்னம்மா பண்ற?” என்றாள். எச்சில் எங்கள் குடும்பத் தொழிலாகிவிட்டது என்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அப்புறம் அவள் முகம் மாறியது. “இது நல்லபடியா முடிஞ்சா என்னை நிரந்தரமாக்கிடுவாங்க. பழசைச் சுத்தம் பண்ணன்னே தனியா ஒரு பிரிவு ஆரம்பிச்சு என்கிட்ட குடுக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. ஆனா எனக்கு அதைவிட ஒண்ணு இருக்கும்மா. அவரு சிரிச்சுக்கிட்டிருக்காரு. உதடு சிவப்பு, கன்னம் ரெண்டும் சிவப்பு, மேலங்கியில நீலக் கட்டம். அப்பா சின்னப் பையனா முதல்ல பார்த்தது அந்த மூஞ்சியைத்தான். அதை அவருக்குத் திருப்பிக் காட்டணும்.”

அந்த ஆசைக்கு முன்னால் நான் என்ன சொல்ல? வாயைக் கட்டிக்கொண்டேன். இந்தப் பக்கம் இவர் கம்பெனிக்காரனைக் கரித்துக்கொட்டுவார், அந்தப் பக்கம் அவள் மௌனமாகச் சாப்பிடுவாள், நடுவில் நான் குழம்பை ஊற்றிக்கொண்டிருப்பேன். பல நாள் கரண்டியாலேயே இவர் மண்டையில் ஒன்று போடலாமா என்று இருந்தது.

வேலை முடிந்ததும், எல்லாருக்கும் திறந்துவிடுவதற்கு முன்னால் ரசிகர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பதாகப் பூங்காவில் அறிவித்தார்கள். இவர் சமையல்காரர் படம் போட்ட சாம்பல் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். நானும் வருகிறேன் என்றேன். கல்யாணத்துக்கு அப்புறம் இப்போதுதான் உனக்குப் புத்தி வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். மகள் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். பங்களாவில் அந்தச் சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, அதன் இடுக்கு வழியாக அப்பா முகத்தைப் பார்ப்பேன் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

வண்டியில் ஏறினோம். இருக்கை மெத்தென்று இருந்தது. “முதுகே வலிக்கல, என்ன பங்களா இது,” என்று இவர் ஆரம்பித்தார். வௌவால், கல்லறை, பியானோ எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கடைசிக் கதவு திறந்தது.

அந்தச் சமையல்காரர் எவ்வளவு அழகாக இருந்தார்! இப்போதுதான் தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி இருந்தார். கட்டம் போட்ட மேலங்கி, உருண்டைக் கன்னம், மீசைக்குக் கீழே ஒரு திருட்டுச் சிரிப்பு. பானைக்குள் இருப்பது தெரிந்த ஆள்தான் என்பது போன்ற சிரிப்பு. எனக்கே கை தட்டத் தோன்றியது. நான் இவர் பக்கம் திரும்பினேன்.

“யாரு இந்த ஆளு?” என்றார் இவர்.

அவ்வளவுதான் கேட்டார். இருட்டில் அந்தக் கதவு இடுக்கை நான் தேடினேன், கண்ணுக்குத் தெரியவில்லை. அவளுக்கு எங்களைத் தெரிந்திருக்கும்.

வெளியே ஒரே அமளி. “பொம்மைக் கடையிலருந்து எதையோ வாங்கி வெச்சுட்டாங்க!” என்று வங்கி ஊழியர் கத்தினார். பூங்கா அதிகாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு, “அதே உருவம்தாங்க, ஒண்ணும் மாத்தல, அழுக்கை மட்டும்தான் எடுத்தோம்” என்று கெஞ்சினார். யார் கேட்டார்கள்? “எங்க காதுல பூ சுத்தாதீங்க. எத்தனை வீடியோ வெச்சிருக்கோம் தெரியுமா? எல்லாத்துலயும் சாம்பல்தான்!” என்றார் கணக்கு வாத்தியார். வீடியோ எடுக்கிற போன் வந்ததே தூசு படிந்து எத்தனையோ காலம் கழித்துத்தான் என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. கடைசியில் எல்லாரும் இவர் பக்கம் திரும்பினார்கள்.

“முதல் பயணி, நீங்க சொல்லுங்க. முதல் வருஷம் எப்படி இருந்தாரு?”

சொல்லித் தொலையேன் மனுஷா என்று மனசுக்குள் கத்தினேன்.

“சாம்பல்தான்,” என்றார் இவர். “என் கண்ணால பார்த்தேன்.”

பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். போனில் பார்த்துப் பார்த்து, சட்டையில் அச்சடித்துப் போட்டு, அரைக்கால் சட்டை வயதில் பார்த்ததையும் சாம்பலாகவே ஞாபகத்தில் வைத்துக்கொண்டுவிட்டார். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர்.

திரும்பி வரும் பேருந்திலேயே குழுவில் எழுதினார். எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார்: “இது பேய் பங்களா அல்ல, மிட்டாய்க் கடை. எங்கள் சமையல்காரரைக் கொன்றுவிட்டார்கள். இதைச் செய்தவர்கள் சிறு வயதில் ஒருநாளாவது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தால் இப்படிச் செய்ய மனம் வந்திருக்காது. யாரோ கூலிக்கு மாரடித்த வேலை.”

“எப்படி இருக்கு?” என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் எழுதியது காட்டுத்தீயாகப் பரவியது. பேய் பங்களாவின் வாசலையே மிதிக்காதவர்கள் எல்லாம் சமையல்காரருக்காகக் கண்ணீர் விட்டார்கள். பூங்கா முதலாளிகள் பயந்துபோய்க் கம்பெனியைப் பிடித்துக்கொண்டார்கள். சாம்பல் நிறத்தைத் திரும்பப் பூசுங்கள், திறப்பு விழாவுக்கு முன்னால் முடியுங்கள் என்று உத்தரவு வந்தது.

அன்று மகள் சாப்பிட வந்து உட்கார்ந்தபோது கண் வீங்கியிருந்தது. இவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. போனை நிறுத்திவைத்துக்கொண்டு பாராட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். “பாரும்மா, கூலிக்கு மாரடிச்சதுன்னு எழுதினேன்ல, அந்த ஒரு வரியை மட்டும் எத்தனை பேரு எடுத்துப் போட்டிருக்காங்க!”

எனக்குப் பொறுக்கவில்லை. “அந்தக் கூலிக்கு மாரடிச்சவ உங்க எதிர்லதான் உட்கார்ந்திருக்கா. அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அந்த வண்டியில உட்கார்ந்தவளும் அவதான்,” என்றேன்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதற்காக எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. எத்தனை நாள்தான் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு பரிமாறுவாள்? இவர் போனைக் கவிழ்த்து வைத்தார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இப்போதாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன்.

“எனக்குத் தெரியாதேம்மா,” என்றார். பிறகு மெல்ல, “ஆனா நிறம் தப்புதானே?” என்றார்.

“அப்பா, அக்குள்ல நிஜ நிறம் இருந்துச்சு.”

“அது யாராவது அப்புறமா அடிச்சிருப்பாங்க.”

“அக்குள்ல மட்டுமாப்பா அடிப்பாங்க?”

“இல்லம்மா, நான் முதல் வருஷமே பார்த்தவன்…”

மகள் தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

அப்புறம் ஒருநாள் வேலை முடிந்து கடை வழியாக வந்தேன். புதுக் கண்ணாடி வாங்கிய ஒரு பெரியவர் கத்திக்கொண்டிருந்தார், எல்லாம் கூசுகிறதாம், பழசு வேண்டுமாம். இவர் வழக்கம்போல அந்த வாக்கியத்தைச் சொல்லி அனுப்பிவைத்தார். அவர் போனதும் நான் கல்லாவுக்கு முன்னால் நின்று கேட்டேன்.

“ரெண்டு நாள் போட்டுப் பாருங்கன்னு ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் சொல்றீங்களே, உங்க பொண்ணு செஞ்சதை நீங்க எவ்வளவு நேரம் பார்த்தீங்க? வண்டி அந்த அறையைக் கடக்கிற நேரம்கூட முழுசாப் பார்க்கல.”

அவர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு என்கூடவே வந்தார். மகளின் அறை வாசலில் நின்று, “தப்பா எழுதிட்டேன்மா. எப்படித் துடைச்ச, சொல்லு,” என்றார்.

அவள் முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு சொல்ல ஆரம்பித்தாள். எங்கே தொடங்கினாள், முதல் சிவப்பு எங்கே தெரிந்தது, புருவத்தில் எவ்வளவு பயந்தாள், எல்லாம் சொன்னாள். இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “எச்சில்லயா? நிஜமாவா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் அடுக்களையில் நின்று மூக்கை உறிஞ்சினேன்.

“இன்னும் பெயிண்ட் அடிக்கலப்பா. உங்க குழு மனசு மாறிச்சுன்னா பூங்காக்காரங்க விட்டுடுவாங்க. அழுக்குதான் போயிருக்குன்னு நீங்க ஒரு வரி எழுதுங்க, போதும். என்னைப் பத்தி மட்டும் வரவே கூடாது. வெளியில தெரிஞ்சா என் வேலை போயிடும்.”

“சேச்சே, வெளியில நான் ஏம்மா சொல்லப் போறேன்?”

மறுநாள் கடையில் உட்கார்ந்து எழுதினார். ஒரு வரி கேட்டாள், இவர் ஒரு பாரதமே எழுதினார். தான் செய்தது தவறு, அது வெறும் தூசு, அந்தத் தூசைத் தன் சொந்த மகள் பஞ்சில் எச்சில் தொட்டு, விரல் மரத்துப்போகத் துடைத்தாள், அவளைப் பெற்றதற்குப் பெருமைப்படுகிறேன் என்று எழுதினார். அவள் வேலை செய்யும் கம்பெனியின் பெயரையும் எழுதினார். போதாதென்று, கடை வாசலில் அவள் நிற்கும் படத்தையும் போட்டார்.

அது கைமாறிக் கைமாறி என் போனுக்கே வந்தது, பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். “என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? வெளியில சொல்லக் கூடாதுன்னு அவ தலையால அடிச்சுக்கிட்டாளே!”

அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். “வெளியில எங்க சொன்னேன்? குழுவுலதானே போட்டேன். நம்ம ஆளுங்கதானே?”

நம்ம ஆளுங்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்கிறேன். முதல் பயணி விலைபோய்விட்டார் என்றார்கள். மகளுக்கு வேலை வாங்கிக்கொண்டு எல்லாரையும் விற்றுவிட்டார் என்றார்கள். எங்கள் சமையல்காரர்மேல் எச்சில் துப்பியிருக்கிறார்கள் என்று ஒருவர் அழுதார். அன்று சாயங்காலத்துக்குள் வங்கி ஊழியர் இவரைக் குழுவைவிட்டு நீக்கினார். அதே சாயங்காலம் கம்பெனியிலிருந்து மகளைக் கூப்பிட்டார்கள். ரகசியம் காக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டதைக் காட்டினார்கள். அப்பா தெரியாமல் செய்துவிட்டார் என்றெல்லாம் அவள் சொல்லவில்லையாம். மேசையிலிருந்த தன் தூரிகைகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். சாம்பல் பூசும் வேலையை வேறு ஒருவர் செய்தார்.

இவர் அவள் முன்னால் நின்று என்னென்னவோ சொன்னார். அவள் சண்டை போடவில்லை. “பரவாயில்லப்பா” என்றாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். இப்போது ஒரு துணிக்கடைக் கிடங்கில் காட்சிப் பொம்மைகளுக்கு உடைந்த விரலை ஒட்டிச் சாயம் அடிக்கிறாள். எல்லாப் பொம்மைக்கும் ஒரே நிறம்தான் அடிக்க வேண்டுமாம்.

பேய் பங்களா திறந்து கொஞ்ச நாள் ஆனதும் அவளாகவே சொன்னாள். “வாங்க, மூணு பேரும் ஒருதடவை போயிட்டு வரலாம். டிக்கெட் நான் எடுக்கிறேன்.”

வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. போனோம். வண்டியில் அவள் நடுவில் உட்கார்ந்தாள், இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பின்னால் வந்த வண்டியில் சாம்பல் சட்டைக்காரர்கள். இவரை அடையாளம் தெரிந்திருக்கும், யாரும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கடைசிக் கதவு திறந்தது. சமையல்காரர் நின்று கிண்டிக்கொண்டிருந்தார். தொப்பி, மீசை, மேலங்கி எல்லாம் சாம்பல். உதட்டையும் விட்டுவைக்கவில்லை, சிரிப்பு இருந்த இடமே தெரியவில்லை. பின்னால் கைதட்டல். “இதான்டா ஒரிஜினல்!” என்று யாரோ கத்தினார்கள்.

மகள் நன்றாகக் குனிந்து, தொழில் செய்கிறவள் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். “நல்லாப் பண்ணியிருக்காங்கம்மா,” என்றாள் என்னிடம். “அப்படியே தூசு மாதிரியே இருக்கு.”

வண்டி நகர்ந்தது. இவர் கழுத்தைத் திருப்பி, அந்த முகம் மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார். கதவு இடிபடுவதற்குக் கொஞ்சம் முன்னால் சொன்னார்.

“கன்னம் சிவப்பாத்தாம்மா இருந்துச்சு. முதல் வருஷம். என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. இப்ப ஞாபகம் வருதும்மா.”

மகள் அவர் பக்கம் திரும்பவில்லை.

“இதைக் குழுவுல எழுதிடாதீங்கப்பா,” என்றாள்.